நெல்லையில் வீடும் மனையும் பார்க்க வருவோருக்கு: வெள்ள இடரை அறிந்து முடிவெடுக்கும் முறை

வேலை மாறுதலாகித் திருநெல்வேலிக்கு வருகிறவர்களும், பணி ஓய்வுக்குப் பின் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புகிறவர்களும், பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் குடியேறுகிறவர்களும் வீடு பார்க்கும்போது கேட்கும் கேள்விகளில் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒன்று கூடியிருக்கிறது. "இங்கே தண்ணீர் வருமா?" என்பதே அது. தரகர் "வராது" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "அந்த ஒரு தடவைதான் வந்தது" என்பார். இரண்டையும் வைத்துக்கொண்டு பல லட்சம் ரூபாய்க்கான முடிவை எடுக்க முடியாது. அந்தக் கேள்வியை விடை காணக்கூடிய சிறு கேள்விகளாகப் பிரிப்பது எப்படி, விடைகளை எங்கே தேடுவது, அவற்றை எந்த அளவுக்கு நம்புவது, அறிந்ததை வைத்து என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. கையில் சேரும் ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு வரைக்கும் எந்த இடம் வரைக்கும் செல்லுபடியாகும் என்று தெரிந்திருப்பது, தகவல்களை நிறையச் சேர்ப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

முதற்படி: கேள்வியைப் பிரித்துக்கொள்ளுதல்

வெள்ள இடர் என்பதில் மூன்று கூறுகள் சேர்ந்திருக்கின்றன. தண்ணீர் வரும் வாய்ப்பும் அதன் அளவும் ஒன்று. அந்தத் தண்ணீரின் வழியில் யார், எவை இருக்கின்றன என்பது இன்னொன்று. அவை எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்பது மூன்றாவது. ஒரே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதிக்கும், தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரோடு வசிக்கும் குடும்பத்துக்கும் வரும் தண்ணீர் ஒன்றுதான், ஆனால் இடர் ஒன்றல்ல. ஆகவே "இந்தத் தெரு பாதுகாப்பானதா" என்று கேட்பதற்கு முன் "யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு" என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

எத்தனை ஆண்டுகளுக்கு என்பது சிறிய விவரமன்று. "நூறாண்டு வெள்ளம்" என்று பொறியாளர்கள் சொல்லும்போது, நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை கணக்காக வந்து போகும் வெள்ளத்தை அவர்கள் குறிப்பதில்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அது 1 சதவீதம்தான். முப்பது ஆண்டுகள் அதே வீட்டில் வாழப்போகிறவருக்கு, அந்தக் காலத்தில் ஒரு முறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். இருபத்தைந்து ஆண்டு வெள்ளம் என்று சொல்லப்படும் சிறிய வெள்ளமானால் அதே முப்பது ஆண்டுகளில் அது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. "போன வருசம்தானே வந்தது, இனி பல காலத்துக்கு வராது" என்ற ஆறுதலுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. சென்ற ஆண்டு வந்ததாலேயே இந்த ஆண்டின் வாய்ப்பு குறைந்துவிடுவதில்லை.

இரண்டாம் படி: தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அறிதல்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாமிரபரணியை மட்டுமே நினைக்கிறார்கள். ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கேட்டுவிட்டு, இரண்டு கிலோமீட்டர் என்றால் நிம்மதி அடைகிறார்கள். நெல்லைச் சீமையில் தண்ணீர் வீட்டுக்குள் வர மூன்று வழிகள் உண்டு. அவற்றில் ஆறு ஒன்றுதான்.

ஆற்று வெள்ளம் முதல் வழி. பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியோடு சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவை சேர்கின்றன. இவற்றுள் சிற்றாறு திருநெல்வேலியைத் தாண்டிச் சீவலப்பேரியில்தான் கலக்கிறது. எனவே சிற்றாற்றில் வரும் வெள்ளம் நகரத்துக்குக் கீழே உள்ள ஊர்களுக்கான செய்தியாகும். மணிமுத்தாறும் பாபநாசம் பக்கத்து அணைகளும் நகரத்துக்கு மேலே உள்ளவை. 1992 நவம்பர் 13 அன்று ஏற்பட்ட பெருவெள்ளம் இந்த வகையைச் சேர்ந்தது. மலையில் பெய்த பெருமழையும் அணைகளிலிருந்து வெளியேறிய நீரும் ஒன்றாக ஆற்றில் வந்தன. அதைப் பார்த்தவர்களின் மனத்தில் வெள்ளம் என்றால் ஆற்றோரத்துச் சங்கதி என்று பதிந்துவிட்டது.

குளமும் ஓடையும் வாய்க்காலும் இரண்டாம் வழி. தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய், நெல்லைக் கால்வாய் போன்றவை நகரத்தின் நடுவேயும் ஓரத்திலும் ஓடிக் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால், அந்த நீர் அடுத்த குளத்துக்குப் போகும். நடுவில் உள்ள ஓடை அடைபட்டிருந்தால், அதை அடைத்த கட்டடங்களுக்குள் போகும். மேலே உள்ள குளத்தின் கரை உடைந்தால், கீழே உள்ள குளமும் அந்தப் பாரத்தைத் தாங்காது. ஆகவே வீட்டுக்கு மிக அருகில் உள்ள குளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்குத் தண்ணீர் தரும் மேற்குளம் எது, அதன் மறுகால் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். மனை குளத்தின் கரைக்குக் கீழே இருக்கிறதா, உள்வாய்ப் பக்கம் (நீர் தேங்கும் உட்புறத்தில்) இருக்கிறதா என்பது தனிக்கேள்வி. கரைக்குக் கீழே இருந்தால் உடைப்பின் வேகம் ஆபத்து. உள்வாயில் இருந்தால் குளம் பெருகும் ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் தங்கும்.

தலைமேல் பெய்யும் மழை வடிய இடமில்லாமல் தேங்குவது மூன்றாம் வழி. ஐந்து சென்ட் மனையில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த மனையின் மேல் மட்டும் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். ஒரு சதுரக் கிலோமீட்டரில் ஒவ்வொரு சென்டிமீட்டர் மழையும் ஒரு கோடி லிட்டர். ஆறும் குளமும் எட்டாத இடத்தில்கூட இந்த நீர் எங்காவது போயாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இந்த மூன்று வழிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் மலையிலும் சமவெளியிலும் ஒருசேரப் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம். நெல்லை ஜங்ஷன் பகுதியில் தண்ணீர் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 1992-ஐ அளவுகோலாக வைத்திருந்த பலருக்கு அந்த அளவுகோல் இம்முறை உதவவில்லை. அவர்கள் ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது குளத்தின் பக்கமிருந்து தண்ணீர் வந்தது. அனுபவ அறிவு பொய் சொல்லவில்லை. அது ஒரு வகை வெள்ளத்தைப் பற்றியது மட்டுமே என்பதை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

மூன்றாம் படி: ஆவணம், சுவர், மனிதர்

முதலில் ஆவணங்கள். மனையின் புல எண் தெரிந்தால், வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டாவையும் புலப்படத்தையும் அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணின் நில வகையையும் காட்டும் வருவாய்ப் பதிவேடு) விவரத்தையும் பார்க்கலாம். நிலம் நஞ்சையா புஞ்சையா, பக்கத்துப் புல எண்கள் ஓடைப் புறம்போக்கு, குளப் புறம்போக்கு, வாய்க்கால் என்று ஏதேனும் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நஞ்சையாக இருந்த நிலம் வாய்க்கால் நீர் இயல்பாகப் பாயும் தாழ்ந்த நிலமாக இருந்திருக்கும். மனைப்பிரிவாக மாறியதால் அதன் மட்டம் உயர்ந்துவிடாது. புலப்படத்தில் கோடாகத் தெரியும் ஓடை நேரில் காணப்படாவிட்டால், அது எங்கே போயிற்று என்று கேட்டே ஆக வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் ஒன்றும் இல்லை என்பதும், மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதும் வேறு கேள்விகளுக்கான விடைகள். வில்லங்கம் பார்த்துக்கொண்டு வெள்ளம் வருவதில்லை. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களின் படங்களில் தண்ணீர் எங்கே தங்குகிறது என்பது பெரும்பாலும் தெரியும்.

அடுத்தது சுவர்கள். தெருவில் உள்ள பழைய வீடுகள், மின்மாற்றித் தூண்கள், ரேஷன் கடை, கோயில் மதில் ஆகியவற்றில் நீர்மட்டக் கறை இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நிறமற்ற டியூப்பில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கறையின் மட்டத்தை நீங்கள் பார்க்கும் வீட்டின் வாசற்படி வரை கொண்டுவந்துவிடலாம். அரை நாள் கூலியில் முடியும் வேலை இது. "தண்ணீர் வந்தது" என்ற பேச்சு "உங்கள் தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி" என்ற அளவாக மாறுகிறது. இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பயனுள்ள தகவல் கிடைப்பது அரிது.

பிறகு மனிதர்கள். கேட்கும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. "இங்கே தண்ணீர் வருமா அண்ணாச்சி" என்று கேட்டால் கருத்துதான் கிடைக்கும். மனை விற்க வேண்டியவரிடமும், தன் தெருவின் பெயர் கெடக் கூடாது என்று நினைப்பவரிடமும் வேறொன்றையும் எதிர்பார்க்க முடியாது. "ஆச்சி, தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சு? எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு? அப்ப எங்க போய்த் தங்குனீங்க?" என்று கேட்டால் நினைவு வெளியே வரும். ஒருவரை ஒருவர் கலந்து பேசாத இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட வேண்டும். மடை திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சிகள், பால்காரர்கள், தபால்காரர்கள், வயலுக்கு அன்றாடம் போய்வருபவர்கள் ஆகியோருக்குத் தாழ்வான இடங்கள் தெரிந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடமும் அவருடைய உதவியாளரிடமும் கேட்கத் தயங்க வேண்டாம். சேதக் கணக்கு எடுத்தவர்கள் அவர்களே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பத்தாண்டுகளுக்கு முன் உருவான மனைப்பிரிவில் "இதுவரை தண்ணீர் வந்ததில்லை" என்று எல்லாரும் உண்மையாகவே சொல்லக்கூடும். அந்த உண்மையின் நீளம் பத்தாண்டுதான். அதோடு, அணைகள் சிறிய வெள்ளங்களைத் தடுத்து நிறுத்திவிடுவதால், ஆற்றோரத்தில் பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காமல் போகும். அந்த அமைதியை நம்பி வீடுகள் ஆற்றை நெருங்கி வரும். அணையால் தடுக்க முடியாத பெரிய வெள்ளம் வரும்போது இழப்பு முன்னைவிடக் கூடுதலாக இருக்கும்.

நான்காம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

மழைக்காலத்தில் அன்றாடம் வெளியாகும் எண்களை வாசிக்க ஒரு வாரப் பழக்கம் போதும். வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில், 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இந்த வகைப்பாட்டில் 21 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும் ஒரே பெயரைத்தான் பெறுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். மேலும் எச்சரிக்கை மாவட்டத்துக்கானது. உங்கள் குளத்தின் நீர்ப்பிடிப்பில் எவ்வளவு பெய்யும் என்று அது சொல்லாது.

அணை நிலவரத்தில் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. "பாபநாசம் 130 அடி" என்று படித்தவுடன் இன்னும் பதின்மூன்று அடி இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதும் பயப்படுவதும் இரண்டும் அரைகுறை. மட்டத்தோடு நீர்வரத்தையும் வெளியேற்றத்தையும் கன அடியில் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறைவதற்கு முன்பே நீர் திறக்கப்படலாம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களின் மழையளவு மணிமுத்தாற்றுக்கு வரப்போவதை முன்கூட்டிச் சொல்லும். நகரத்தில் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்வது ஆற்றின் மட்டத்துக்கான பழைய அடையாளம்; ஆனால் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயிலைப் பல ஆண்டுகளில் வெள்ளம் சூழ்ந்திருக்கிறது, உங்கள் தெருவின் குளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஐந்தாம் படி: தெரிந்தது, ஊகித்தது, தெரியாதது

சேர்த்தவற்றை மூன்று பத்திகளாக எழுதுங்கள். டியூப் வைத்து அளந்த மட்டம் "தெரிந்தது" என்ற பத்தியில் வரும், பக்கத்தில் ஆண்டும் இடமும் குறித்து. "குளக்கரையைப் பலப்படுத்தியிருப்பதால் இனி உடையாது" என்பது "ஊகம்". மேற்குளத்தின் மறுகால் ஓடை எங்கே முடிகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாவிட்டால் அது மூன்றாம் பத்திக்கு உரியது. பொருளியல் அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல், வாய்ப்பைக் கணக்கிடக்கூடிய இடரையும் கணக்கிடவே இயலாத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். மூன்றாம் பத்தி அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு ஒரு சதவீதத்தை இட்டுக்கட்டி எழுதிக்கொண்டால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக நம்பிவிடுவோம்.

மூன்றாம் பத்தியில் உள்ள ஒவ்வொன்றையும் பற்றி, "இதன் விடை தெரிந்தால் என் முடிவு மாறுமா?" என்று கேளுங்கள். மாறும் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைத் தேடுவதற்குச் செலவு செய்யலாம். ஒரு நிலஅளவரை வைத்து மட்டம் எடுப்பது பதிவுச் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகை. மாறாது என்றால் அங்கே நிறுத்திவிடலாம். கண்டுபிடிக்கவே முடியாத ஒன்று மிஞ்சினால், அதை மோசமான பக்கத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

ஆறாம் படி: அறிந்ததற்கு ஏற்பச் செயல்படுதல்

செய்யக்கூடியவை நான்கு: விலகுதல், குறைத்தல், பங்கிடுதல், ஏற்றுக்கொள்ளுதல். குளத்தின் உள்வாயிலோ ஓடையின் மேலேயோ உள்ள மனையிலிருந்து விலகிவிடுவதுதான் சரி. விலை குறைவு என்பதற்காக அதை மறுபரிசீலனை செய்ய வேண்டியதில்லை. மற்ற இடங்களில் குறைப்பதற்கு நிறைய வழிகள் உண்டு. அளந்து வைத்த கறை மட்டத்துக்கு மேலாகத் தரைத்தளத்தை எழுப்பலாம். மின்மீட்டரையும் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் இடுப்பளவுக்கு மேலே பொருத்தலாம். தரைத்தொட்டியின் மூடி நீர் புகாததாக இருக்க வேண்டும்; கழிவுநீர்க் குழாயில் பின்னோக்கி வரும் நீரைத் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு வீட்டுக்குள்ளிருந்தே ஏற வழி இருப்பது மிக முக்கியம். தெருவையே மேடாக்கி உங்கள் வீட்டுத் தண்ணீரை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் குறைத்தல் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

பங்கிடுதல் என்பது காப்பீடு. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் "பாரத் கிருஹ ரக்ஷா" என்னும் வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் அடங்கும். கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களும் எந்த அளவுக்குச் சேர்கின்றன என்று பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும். வாகனக் காப்பீட்டில் மூன்றாம் தரப்புக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்கு உதவாது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் வரும் சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தாலன்றிப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஆகவே நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளியோ இழுத்தோதான் கொண்டுபோக வேண்டும்.

ஏழாம் படி: மழைக்கு முன்பே முடிவுகளை எழுதிவைத்தல்

எச்சரிக்கை வந்த இரவில் யோசிக்கத் தொடங்கினால் வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், "இது நடந்தால் இதைச் செய்வோம்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், பெரியவர்களை அன்று பகலிலேயே மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவோம். தெருமுனைக் குளம் மறுகால் பாயத் தொடங்கினால் வண்டிகளை மேட்டுக்கு மாற்றுவோம். வாசலின் முதற்படியைத் தண்ணீர் தொட்டால் மெயின் சுவிட்சை அணைப்போம். ஒவ்வொன்றும் நம் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அடையாளமாக இருக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் முதலில் போகும் என்பதால் கைப்பேசியை மட்டும் நம்பிய திட்டம் நடுவில் நின்றுவிடும்.

"டேம் உடைஞ்சிட்டு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் கேட்கலாம். டிஎன் அலர்ட் செயலியிலும் எச்சரிக்கைகள் வரும். எங்கிருந்து வந்தது, எந்த நேரத்து நிலவரம் என்று சொல்லப்படாத செய்தியை வைத்து யாரையும் இருட்டில் தெருவில் இறக்காதீர்கள். ஓடும் தண்ணீர் அரையடி ஆழம் இருந்தாலே பெரியவர்களின் கால் நிலைகொள்ளாது; ஓரடியில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். பாலத்தின் மேலே நீர் ஓடினால், அடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாத நிலை அது, திரும்பிவிட வேண்டும்.

எட்டாம் படி: தண்ணீர் வடிந்த பிறகு

சேறு கழுவுவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் நீர்மட்டக் கறையோடு படம் எடுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அதுவே சான்று. காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, அவர்கள் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை சேதமான பொருள்களை அப்புறப்படுத்தாமல் வையுங்கள். கிணற்று நீரையும் தரைத்தொட்டி நீரையும் இறைத்து, பிளீச்சிங் பவுடர் இட்ட பிறகே புழங்க வேண்டும்.

பிறகு அந்தப் பழைய மூன்று பத்தித் தாளை எடுத்து, தேதி, அதிகபட்ச மட்டம், தண்ணீர் வந்த திசை, ஏறிய நேரம், வடிய எடுத்த நாள்கள் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். ஊகம் என்று எழுதியிருந்தவற்றில் எவை பொய்த்தன என்று குறியுங்கள். வெளிச்சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டு ஆண்டை எழுதலாம். வீட்டின் விலை குறைந்துவிடும் என்று உரிமையாளர்கள் சிலர் இதை விரும்புவதில்லை, அப்படியானால் மின்மீட்டர் பெட்டிக்குள் எழுதிவைக்கலாம். குளக்கரையிலோ ஓடையிலோ அடைப்போ ஆக்கிரமிப்போ காரணமாக இருந்தால், புல எண்ணைக் குறிப்பிட்டு நீர்வளத்துறைக்கோ உள்ளாட்சிக்கோ மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை அந்தத் தாளோடு சேர்த்து வையுங்கள். அடுத்த அக்டோபருக்கு முன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் பட்டியலைத் திருத்தும்போது கையில் இருக்க வேண்டியவை இவைதான்.